பழைய மோட்டார் வண்டியின் கியர் பெட்டி எண்ணெயும் தேய்ந்த பிளக்குகளும்

சங்கத்தின் உபயோகத்திற்கென்று வாங்கப்படும் ஜீப்போ காரோ பெரும்பாலும் புதியதாயிருப்பதில்லை. வேறொருவர் பல்லாண்டு ஓட்டிக் கழித்ததையே நாம் சகாய விலைக்கு வாங்குகிறோம். அத்தகைய வண்டியில் இஞ்சின் எண்ணெயை எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்கென்று அளவுக்கோல் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. கியர் பெட்டியின் எண்ணெயையோ ஒருவரும் பார்ப்பதில்லை. அதைப் பார்க்க வேண்டுமானால் வண்டியின் அடியில் படுத்து, சேறும் துருவும் மூடிய ஒரு பிளக்கைக் கழற்ற வேண்டும். அந்தப் பிளக் கழலுவதில்லை. கழலாமற் போகவே, பார்க்காமலும் மாற்றாமலும் விடப்பட்டு, பத்து வருஷத்து எண்ணெயோடு, அல்லது எண்ணெயே இல்லாமல், பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. கியர் பெட்டி கெடுவதற்கு முதற் காரணம் பல்சக்கரமன்று, பிளக்குத்தான் என்று சொல்வது மிகையாகாது. ஆகையால் இந்தப் பாடத்தில் எண்ணெயைப் பற்றிக் கூறுவதைவிடப் பிளக்கைப் பற்றியே அதிகமாகக் கூறப்படும்.

கியர் பெட்டியினுள் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று அழுத்திச் சுழல்கின்றன. அவற்றின் பற்களுக்கிடையே எண்ணெய் மெல்லிய படலமாக நின்று, இரும்போடு இரும்பு நேரே உராயாதபடி தடுக்கிறது. சூட்டையும் வாங்கிப் பெட்டியின் சுவருக்குக் கொண்டுபோகிறது. இஞ்சினில் இருப்பதுபோல் எண்ணெயை ஏற்றிவிடும் பம்பு பழைய கியர் பெட்டிகளில் சாதாரணமாய் இல்லை. கீழே கிடக்கும் சக்கரம் எண்ணெயில் முழுகி எழுந்து, மேலேயுள்ள சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் அதை வாரி இறைப்பதே ஏற்பாடு. எண்ணெய் மட்டம் குறைந்தால் வாரி இறைக்க ஒன்றுமில்லை. மேலே உள்ள பேரிங்கு முதலில் வறண்டு ஓலமிடத் தொடங்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகு ஊற்றும் எண்ணெய் தேய்ந்ததைத் திருப்பித் தராது.

இனி, சாதாரணமாய் நிகழும் பிழை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநர் ஒருவர் நல்லெண்ணத்தோடு, எண்ணெயை மாற்றுவோமென்று வண்டியின் அடியிற் புகுந்து, அடியிலுள்ள வடிக்கும் பிளக்கைக் கழற்றுகிறார். பழைய எண்ணெய் முழுவதும் சட்டியில் வடிந்துவிடுகிறது. பிளக்கை மாட்டிவிட்டு, புது எண்ணெய் ஊற்றுவதற்காகப் பக்கத்திலுள்ள பிளக்கில் ஸ்பானரை மாட்டுகிறார். அது அசையவில்லை. பலங்கொண்டு திருப்பவே அதன் தலையின் மூலைகள் உருண்டுபோகின்றன. இப்பொழுது வண்டியில் எண்ணெய் இல்லை. ஊற்ற வழியும் இல்லை. பட்டறைக்கு ஓட்டிச் செல்லவும் கூடாது. காலையில் ஓடிக்கொண்டிருந்த வண்டியை மாலையில் வேறு வண்டி கட்டி இழுக்க வேண்டியதாகிறது. ஆகவே மறக்கக்கூடாத விதி இது: ஊற்றும் பிளக்கு கழன்ற பிறகே வடிக்கும் பிளக்கைத் தொட வேண்டும். ஊற்றும் பிளக்கு கழலவில்லையாயின் அன்றைய வேலை அத்தோடு நிற்கட்டும். பழைய எண்ணெய், எண்ணெய் இல்லாமையைவிட எவ்வளவோ மேல்.

நம் கிராமங்களில் இன்னும் காணப்படும் வில்லீஸ் மாதிரி மகீந்திரா ஜீப்பை உதாரணமாகக் கொள்வோம். அதன் மூன்று கியர்ப் பெட்டிக்கு டி-90 என்று பெயர். அதன் பின்னால், முன் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனியே வடிக்கும் பிளக்கும் ஊற்றும் பிளக்கும் உண்டு. ஆனால் இவ்வகை ஜீப்புகள் பலவற்றில் இரு பெட்டிகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் எண்ணெய் போய்வர வழி வைத்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் வடித்துப் புது எண்ணெய் ஊற்றினால் மற்றதன் அழுக்கு அதில் வந்து கலக்கும். ஆகையால் இரண்டையும் சேர்த்தே வடிக்க வேண்டும். கியர் பெட்டி ஏறக்குறைய 1.2 லிட்டரும் டிரான்ஸ்பர் பெட்டி ஏறக்குறைய 1.6 லிட்டரும் கொள்ளும். மூன்று லிட்டர் வாங்கினால் போதும்.

இந்த ஜீப்பில் வேறொரு விசேஷமும் உண்டு. அதன் கை பிரேக்கு, சக்கரங்களில் இல்லாமல் டிரான்ஸ்பர் பெட்டியின் பின்புறத்தில் ஒரு டிரம்மாக அமைந்திருக்கிறது. பெட்டியின் பின் சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தாலும், அளவுக்கு மேல் ஊற்றியதால் பொங்கி வழிந்தாலும், அது நேரே பிரேக்கு லைனிங்கில் போய் ஊறும். மேட்டில் கை பிரேக்கு போட்டு நிறுத்திய வண்டி தானே உருளுவதற்கு இதுவும் ஒரு காரணம். வண்டியில் சுமை ஏற்றிக்கொண்டிருக்கையில், பின்னால் ஆட்கள் நிற்கையில், இது நேர்ந்தால் விளைவு சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய்க் கசிவை அழகுக் குறைவாகமட்டும் எண்ணி விட்டுவிடலாகாது.

வேலைக்கு முன் வண்டியைப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓட்டிவர வேண்டும். சூடான எண்ணெய் இளகி, அடியில் தங்கிய பொடியையும் வாரிக்கொண்டு வெளிவரும். பிறகு சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஜீப்பின் அடியில் தூக்காமலே புகலாம். காரைத் தூக்க வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பி அதன் கீழ்ப் படுப்பவர் உயிரைப் பணயம் வைக்கிறார். உறுதியான இரும்புக் குதிரைகளின்மேல் வண்டியை இறக்கிய பிறகே உள்ளே போகலாம். செங்கல்லும் உள்ளீடற்ற சிமெண்டுக் கல்லும் கூடா. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். வண்டி முன்னும் பின்னும் ஒரே மட்டமாயிருப்பதும் அவசியம். ஒருபுறம் உயர்ந்திருந்தால் எண்ணெய் மட்டம் பொய் சொல்லும்.

பிளக்கை முதலில் கம்பிப் பிரஷினால் நன்றாகத் துலக்க வேண்டும். மண்ணின்மேல் மாட்டிய ஸ்பானர் பாதி ஆழமே பிடிக்கும்; பாதிப் பிடியில்தான் மூலைகள் உருளுகின்றன. பிளக்கின் தலை வெளியே நீட்டிய சதுரமாகவோ அறுகோணமாகவோ இருக்கலாம். அல்லது உள்ளே குழிந்த சதுரமாக இருக்கலாம். வெளியே நீட்டிய அறுகோணத்திற்கு ஆறு மூலை சாக்கெட்டே உகந்தது. பன்னிரண்டு மூலை ரிங் ஸ்பானர் மூலைகளின் நுனியை மட்டும் பற்றுவதால் தேய்ந்த தலையில் வழுக்கும். திருகிப் பெரிதாக்கிக்கொள்ளும் ஸ்பானரை இந்த வேலைக்குக் கொண்டுவரவே கூடாது. குழிந்த சதுரத்திற்குச் சரியான சாவி கடையில் கிடைக்காவிடில் ஊர்க் கொல்லரிடம் கெட்டியான எஃகுத் துண்டு ஒன்றைக் கொடுத்து, குழிக்கு இறுக்கமாகப் பொருந்தும்படி சதுரமாக அராவச் சொன்னால் போதும். தளர்ந்த சாவியால் தொடங்குவதைவிட ஒரு நாள் பொறுத்து நல்ல சாவியால் தொடங்குவது மலிவு.

துரு கரைக்கும் எண்ணெயைப் பிளக்கைச் சுற்றி விட்டு ஓர் இரவு ஊறவிட வேண்டும். மறுநாள் பிளக்கின் தலைமேல் சுத்தியால் நேராக நாலைந்து அடி, பலமாகவன்றி அழுத்தமாக, கொடுக்க வேண்டும். அந்த அதிர்ச்சி மரைகளுக்கிடையே இறுகிய துருவை உடைக்கும். பிறகு முதலிற் கழற்றும் பக்கமாகத் திருப்பாமல், இறுக்கும் பக்கமாகச் சிறிது திருப்பிப் பார்க்க வேண்டும். துளி அசைந்தாலும் துரு விட்டதென்று பொருள். அப்புறம் முன்னும் பின்னுமாக, இடையிடையே எண்ணெய் விட்டு, பொறுமையாகக் கழற்றலாம். அவசரத்தில் நீண்ட குழாயை ஸ்பானரில் செருகித் தொங்குவோர் உண்டு. பிளக்கு கழலுவதற்குப் பதில் வார்ப்பு வெடிக்கும். பிளக்கு சில நூறு ரூபாய்க்குள் முடியும் காரியம். பெட்டியோ பழைய சாமான் கடைகளில் தேடியலைய வேண்டிய பொருள்.

மூலைகள் ஏற்கெனவே உருண்டிருந்தால், வெளியே நீட்டிய தலைக்குப் பைப் ரெஞ்சு பெரும்பாலும் பயன்படும்; அதன் பற்கள் இழுக்க இழுக்க இறுகும் இயல்புடையவை. இடமில்லாத பக்கத்தில், சற்றுச் சிறிய சாக்கெட்டைச் சுத்தியால் அடித்து ஏற்றித் திருப்பலாம். அல்லது தலையை அரத்தால் இருபுறமும் தட்டையாக அராவி, அந்த அளவு ஸ்பானரை மாட்டலாம். குழிந்த தலையாயின், சற்றுப் பெரிய நட்சத்திர முனைத் துண்டை அடித்து இறக்கித் திருப்புவது வழக்கம். உளியை ஓரத்தில் சாய்த்து வைத்துக் கழலும் திசையில் அடித்து நகர்த்துவது அடுத்த படி. அதன் பின் அந்தப் பிளக்கு மறு உபயோகத்திற்கு ஆகாது.

இவற்றுக்கும் அசையாத இரும்புப் பிளக்கின்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, நட்டைப் பிடித்துத் திருப்புவது பட்டறைக்காரர் கையாளும் வழி. இது மிக்க பயன் தருவது. ஏனெனில் பிடிக்க மூலை கிடைப்பதோடு, வெல்டிங்கின் சூட்டினால் மரையும் இளகுகிறது. ஆனால் மூன்று ஜாக்கிரதைகள் வேண்டும். பாட்டரியின் கம்பிகளைக் கழற்றிவிட வேண்டும். வெல்டிங்கின் பூமிக் கம்பியைக் கியர் பெட்டியின் உடலிலேயே, பிளக்குக்கு அருகில் மாட்ட வேண்டும்; சேஸிஸில் எங்கோ மாட்டினால் மின்சாரம் பேரிங்குகள் வழியே பாய்ந்து அவற்றைப் பொத்தலாக்கும். பெட்ரோல் குழாயும் சிந்திய எண்ணெயும் அருகில் இல்லாதிருப்பதைப் பார்த்து, ஒரு வாளி மணலுடன் ஓர் ஆள் நிற்க வேண்டும். விளக்குச் சுடரினால் சூடாக்கும்போதும் இதே ஜாக்கிரதை உண்டு. அலுமினியப் பெட்டியில் எஃகுப் பிளக்கு இருந்தால், பெட்டியை மிதமாகச் சூடாக்க வேண்டும். அலுமினியம் அதிகமாக விரிந்து பிடியை விடும். இரும்புப் பெட்டியில் இரும்புப் பிளக்காயின், பிளக்கைச் சூடாக்கி, சூடு தணியும் தறுவாயில் மெழுகுவர்த்தியை அதன் ஓரத்தில் தொட்டால், உருகிய மெழுகு மரைக்குள் உறிஞ்சப்பட்டு வழுக்கல் தரும்.

எத்தனை செய்தும் ஊற்றும் பிளக்கு வரவில்லையாயின் மனம் தளர வேண்டியதில்லை. அதைத் துளைபோட்டு நாசம் செய்வதற்கு முன், எண்ணெய் ஊற்ற வேறு வழி உண்டா என்று பார்க்க வேண்டும். மேல்மூடியோடு கியர் கோலைக் கழற்றக்கூடிய பெட்டிகளில் மேலிருந்தே ஊற்றலாம். அப்போது மட்டத் துளை உதவாதாகையால், கைப்புத்தகம் குறிப்பிடும் அளவை லிட்டர் குவளையால் அளந்தே ஊற்ற வேண்டும்.

பிளக்கு கழன்றது, இனி வடிக்கலாம். வடியும் எண்ணெயைச் சுத்தமான வெள்ளைச் சட்டியிலோ பழைய எவர்சில்வர் பாத்திரத்திலோ பிடித்து, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பெட்டியின் நாடி அதில் தெரியும். கறுத்திருப்பது வயதின் குறி மட்டுமே. பால் கலந்த காப்பி போலிருந்தால் நீர் புகுந்திருக்கிறது. ஓடையும் வாய்க்காலும் கடக்கும் வண்டிகளில் இது சகஜம். அப்படியாயின் புது எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஓட்டி மறுபடியும் மாற்ற வேண்டும். மூச்சுத் துளையும் சீல்களும் பார்க்கப்பட வேண்டும். மூச்சுத் துளை அடைபட்டிருந்தால், பெட்டி சூடேறுகையில் உள்ளே எழும் அழுத்தம் எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். புதுச் சீல் போட்டும் கசிவு நிற்காததற்கு இது ஒரு காரணம். பிளக்கின் நுனியில் காந்தம் இருந்து அதில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் சில்லுகளும் ஊசிகளும் கிடைத்தால், பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. எண்ணெய் மாற்றி அதை மறைக்க முடியாது. பொன்னிறப் பொடி மினுமினுப்பது கியர் மாற்றுகையில் வேகத்தைச் சமப்படுத்தும் வெண்கல வளையங்களின் தேய்மானம். டி-90 பெட்டியில் இவ்வளையங்கள் இரண்டாம், மூன்றாம் கியர்களுக்கே உண்டு. முதற் கியருக்கு இல்லையாதலால், வண்டி நின்ற பிறகே அதைப் போட வேண்டுமென்று ஓட்டுநருக்குச் சொல்லி வைப்பது நலம். மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டி அலம்பும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது மூலைகளில் தங்கிப் புது எண்ணெயை நீர்க்கச் செய்யும், வேண்டாம்.

எந்த எண்ணெய் என்பதில் கடைக்காரர் சொல்லே வேதமாகிவிடுகிறது. அவர் பெரும்பாலும் 90 என்று கேட்டவுடன் கைக்கு வந்த டப்பாவை எடுத்துத் தருவார். 90 என்பது தடிமனை மட்டும் குறிக்கிறது. இஞ்சின் எண்ணெயின் எண்களும் கியர் எண்ணெயின் எண்களும் வெவ்வேறு அளவைகள். 90 கியர் எண்ணெய் ஏறக்குறைய 40 அல்லது 50 இஞ்சின் எண்ணெயின் தடிமனே உடையது. இதைவிட முக்கியமாகக் கவனிக்கற்பாலது, டப்பாவில் ஜி.எல்-4 என்றோ ஜி.எல்-5 என்றோ அச்சிட்டிருக்கும் குறியாகும். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த தரவரிசை இது. ஜி.எல்-5 எண்ணெயில், கடும் அழுத்தம் தாங்கக் கந்தகமும் பாஸ்பரமும் சேர்ந்த கூட்டுப்பொருள் மிகுதி. பின் ஆக்ஸிலின் ஹைப்பாய்டு பல்சக்கரங்கள் வழுக்கிக்கொண்டே அழுத்துபவை. அவற்றுக்கு அது வேண்டும். பழைய கியர் பெட்டியின் வெண்கல வளையங்களுக்கோ அது ஆகாது: சூட்டில் அந்தக் கூட்டுப்பொருள் செம்புக் கலப்பை அரிக்கக்கூடும், வளையத்திற்கு வேண்டிய பிடிப்பையும் குறைத்துக் கியர் கறமுறவென்று விழச் செய்யும். வெண்கலத்திற்குத் தீங்கில்லையென்று உற்பத்தியாளர் உறுதி கூறும் ஜி.எல்-5 எண்ணெய்களும் உண்டு. எனினும் அந்த உறுதி டப்பாவில் எழுதப்படாதபோது, பழைய பெட்டிக்கு ஜி.எல்-4 அல்லது கூட்டுப்பொருள் அற்ற கனிம எண்ணெயே தக்கது. பழைய ஜீப்புக் கைப்புத்தகங்கள் குறிப்பிட்டதும் கனிம எண்ணெயைத்தான். ஆகவே பெட்டிக்கு ஒரு டப்பா, ஆக்ஸிலுக்கு வேறு டப்பா, இரண்டும் மாறலாகாது.

காரின் விஷயத்தில் கைப்புத்தகத்தைப் பாராமல் துணியக்கூடாது. இங்கிலாந்தின் பி.எம்.ஸி. கம்பெனி செய்த பி வரிசைக் கியர் பெட்டிகள் பலவற்றில் கியர் எண்ணெயே ஊற்றாமல் இஞ்சின் எண்ணெயை ஊற்றும்படி உற்பத்தியாளரே விதித்திருந்தனர். 2014-ல் உற்பத்தி நின்ற அம்பாஸிடர் கார் அந்நாட்டின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்ததே; ஆனால் அதற்குப் பல காலங்களில் பல இஞ்சின்களும் பெட்டிகளும் பொருத்தப்பட்டன. ஒரு அம்பாஸிடருக்குச் சரியானது மற்றொன்றுக்குச் சரியென்று கொள்ள இடமில்லை.

பிளக்கைத் திரும்ப மாட்டுமுன் அதன் மரையைப் பார்க்க வேண்டும். மரைகள் இருவகை. நுனி நோக்கிக் குறுகிச் செல்லும் குழாய் மரை ஒருவகை. அது இறுக இறுகத் தானே அடைத்துக்கொள்ளும், வாஷர் வேண்டாம். அதை மிகையாக இறுக்கினால் ஆப்புப்போல் நின்று வார்ப்பைப் பிளக்கும். மரையில் அடைப்புப் பசை சிறிது தடவினாற் போதும்; வெள்ளை நாடா சுற்றுவோர் நுனியில் ஒரு மரை விட்டுச் சுற்ற வேண்டும், இல்லையேல் பிய்ந்த துணுக்கு உள்ளே போகும். ஒரே பருமனுள்ள நேர் மரை மற்றொருவகை. அதில் அடைப்பது செம்பு வாஷரே. ஒருமுறை நசுங்கிய செம்பு கெட்டியாகிவிடுவதால் புது வாஷர் போட வேண்டும். புதியது கிடைக்காவிடில் பழையதை அடுப்பில் செஞ்சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மறுபடியும் மெதுவாகும். இரும்புக்கு நேர்மாறான குணம் செம்புக்கு. இறுக்குகையில் கையால் மாட்டி, கையாலேயே பல சுற்றுச் செல்லுகிறதா என்று பார்த்த பின்பே ஸ்பானரைத் தொட வேண்டும். கோணலாக ஏறிய மரை ஸ்பானரின் பலத்துக்குப் பணிந்து நாசமாகிவிடும்.

பெட்டியின் மரையே போயிருந்தால் துணி சுற்றியும் சோப்பு அப்பியும் காலங்கடத்துவார் உளர். நெடும் பிரயாணத்தில் ஒருநாள் அது கழன்று விழும். ஓட்டுநருக்குத் தெரிவது பேரிங்கு கதறும்போதுதான். பரிகாரம் இரண்டு. துளையைச் சற்றுப் பெரிதாக்கிப் புது மரை போட்டு, பெரிய பிளக்கை மாட்டலாம். அல்லது பெரிய மரையில் கம்பிச் சுருள் புகுத்திப் பழைய அளவிலேயே பிளக்கை மாட்டலாம். சுவர் மெலிந்த பெட்டிக்குப் பின்னது நல்லது. மரை போடும் டேப்பின் காடிகளில் கிரீஸ் நிரப்பினால் இரும்புப் பொடி அதில் ஒட்டிக்கொள்ளும். அரைச் சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். முடிந்தபின் வடிக்கும் துளையைத் திறந்து வைத்து, மேலிருந்து அரை லிட்டர் எண்ணெய் விட்டு உள்ளே விழுந்ததைக் கழுவி வெளியேற்ற வேண்டும்.

எண்ணெய் ஊற்றுவது எளிது. ஊற்றும் துளையின் கீழ் விளிம்புவரை வந்து வழியத் தொடங்கினால் மட்டம் சரி. ஜீப்பில் இரு பெட்டிகளிலும் ஊற்றிக் கால்மணி நேரம் பொறுத்து, எண்ணெய் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய் நின்ற பிறகு இரு மட்டங்களையும் மறுபடி பார்க்க வேண்டும். மேலும் இருக்கட்டுமென்று அதிகமாக ஊற்றினால் எண்ணெய் நுரைத்துப் பொங்கி, முன்னால் கிளச்சுக்கும் பின்னால் கை பிரேக்குக்கும் போய்ச் சேரும். மறுநாள் காலை வண்டியின் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்துப் பார்த்தால் கசிவு உண்டா, எந்தப் பிளக்கிலிருந்து என்பது தெரிந்துவிடும்.

வடித்த எண்ணெயை வேலியோரத்தில் கொட்டுவதும் கிணற்றடி வாய்க்காலில் விடுவதும் நம்மவர் வழக்கம். அது மண்ணில் இறங்கிக் குடிநீரைக் கெடுக்கும். 2016-ம் வருஷத்து அபாயக் கழிவு விதிகளின்படி உபயோகித்த எண்ணெய் அபாயக் கழிவைச் சேர்ந்தது. அதிகாரம் பெற்ற மறுசுத்தி செய்வோரிடமே அது போய்ச் சேர வேண்டும். சங்கக் கட்டடத்தில் மூடியுள்ள ஒரு தகர டின்னை வைத்து அங்கத்தினரின் டிராக்டர், பம்பு இஞ்சின் எண்ணெய்களையும் அதில் சேர்த்தால், அனுப்பத்தக்க அளவு சில மாதங்களில் சேர்ந்துவிடும்.

வண்டிப் பதிவேட்டில் காரியதரிசி இந்த வேலைக்கென ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி, வண்டி ஓடிய கிலோமீட்டர், எண்ணெயின் பெயரும் குறியும், வடிந்த எண்ணெயின் நிறம், எந்தப் பிளக்கு புதிதாக மாற்றப்பட்டது என்பவற்றைக் குறித்து வைக்க வேண்டும். முந்திய சரித்திரம் தெரியாத வண்டியாயின் வாங்கிய வாரத்திலேயே இவ்வேலையைச் செய்துவிட வேண்டும். அதன் பிறகு இஞ்சின் எண்ணெய் மாற்றும் போதெல்லாம் ஊற்றும் பிளக்கை ஒருமுறை கழற்றி, விரலால் மட்டம் பார்த்து மாட்டலாம். இப்படி அவ்வப்போது கழலும் பிளக்கு துருப்பிடித்து இறுகுவதில்லை.